துணி உலர மறுப்பது ஏன்?

கூட்டுறவு ஆய்வாளன் ஒருவன் துணி உலர்த்தும் எந்திரத்தைப் பற்றி எழுத முற்படுவது அன்பர்கள் சிலருக்கு வியப்பைத் தரலாம். பேரேட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் புரட்டிப் பார்ப்பவனுக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்கவும் கூடும். சென்ற ஐப்பசி மாதத்தில், அடைமழைக்கு நடுவே, பேரையூர் வட்டாரத்தில் ஆய்வுக்குச் சென்றிருந்தபோது என் முன் வந்த ஒரு கடன் மனுவே இக்கட்டுரைக்குக் காரணம். அன்று நான் கற்றுக்கொண்டதை உறுப்பினர் குடும்பங்களுக்குச் சொல்லாமல் விடுவது முறையன்று என்று கருதுகிறேன்.

ஒரு கடன் மனு

மனுவைக் கொணர்ந்தவர் நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண் உறுப்பினர். இரண்டு பவுன் சங்கிலியை ஈடு வைத்து நகைக்கடன் கேட்டிருந்தார். காரணத்தை வினவியபோது, புதிய வாஷிங் மெஷின் வாங்க வேண்டும் என்றார்.

“இருக்கிற மெஷினுக்கு என்ன வந்தது, அம்மா?” என்று கேட்டேன்.

“துவைக்கிறது சார். டிரையர்தான் பிழிய மாட்டேன் என்கிறது. எடுக்கும்போது தண்ணீர் சொட்டுகிறது. பிள்ளைகள் மூன்று நாளாக ஈரச் சீருடையோடுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அலசிய நூல் சிட்டமும் காயாமல் வாடை அடிக்கிறது. பழுது பார்க்க வந்தவர் மோட்டார் போய்விட்டது, புதிது வாங்கிவிடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.”

“வேறு நகை இருக்கிறதா?”

“இருப்பது இந்த ஒன்றுதான் சார்.”

மனுவில் குறை எதுவும் இல்லை. நகை உண்டு, உறுப்பினர் தவணை தவறாதவர், வழங்குவதற்குத் தடை ஏதுமில்லை. ஆயினும், கடன் வாங்குவது ஒரு நாள் வேலை, நகையை மீட்பது பல மாத வேலை என்பதை நம் சங்கங்களின் பதிவேடுகளைப் பார்ப்பவர் எவரும் அறிவர். ஏலத்துக்குப் போன நகைகளின் பட்டியலில் பெரிய செலவுகளுக்காக வைத்தவை மட்டுமல்ல, தவிர்த்திருக்கக்கூடிய சிறு செலவுகளுக்காக வைத்தவையும் உண்டு. எனவே, “ஒரு நாள் பொறுங்கள், அம்மா. எந்திரத்தைப் பார்த்துவிட்டு மனுவைப் பார்ப்போம்” என்று சொல்லி, செயலாளரையும் ஊரிலுள்ள மின்பணியாளர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு அவர் இல்லத்துக்குச் சென்றேன்.

எந்திரம் செய்யும் வேலை எது?

நம் நாட்டு வீடுகளில் டிரையர் என்று வழங்கப்படுவது பெரும்பாலும் இரட்டைத் தொட்டி எந்திரத்தின் சிறிய தொட்டியாகும். பெயர் உலர்த்தி என்றாலும் அது உண்மையில் உலர்த்துவதில்லை, பிழிகிறது. துளைகள் நிறைந்த கூடை ஒன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,300 முதல் 1,400 சுற்றுகள் சுழல்கிறது. ஈரத்துணி கூடையின் சுவரோடு அழுந்த, நீர் துளைகள் வழியே வெளியே தெறித்து அடியிலுள்ள குழாயில் வடிகிறது. சாயப்பட்டறைகளில் நூலைப் பிழியும் பெரிய சுழல் எந்திரத்தைப் பார்த்த நெசவாளர்களுக்கு இது புதிதன்று. அதன் சிறிய வடிவமே இது.

இதன் ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 24 செ.மீ. குறுக்களவுள்ள கூடை நிமிடத்துக்கு 1,350 சுற்றுகள் சுழலுமாயின், அதன் சுவரிலுள்ள நீர்த்துளியின்மீது புவி இழுக்கும் விசையைப் போல ஏறத்தாழ 240 மடங்கு விசை செயற்படுகிறது. ஆனால் இவ்விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. வேகம் பாதியானால் விசை பாதியாகாது, நான்கில் ஒன்றாகிவிடும். “சுற்றத்தான் செய்கிறது, ஆனால் பிழியவில்லை” என்று பல இல்லங்களில் கேட்கும் குறைக்கு விடை இதுவே. கண்ணுக்குச் சுற்றுவதாகத் தோன்றினால் போதாது. முழு வேகத்தில் சுற்ற வேண்டும்.

இச்சிறு தொட்டியின் சிக்கனத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். 150 வாட் மோட்டார் 5 நிமிடம் ஓடினால் ஆகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் எண்பதில் ஒரு பங்கு. அதே அரை லிட்டர் நீரை வெப்பத்தால் ஆவியாக்கிப் போக்க வேண்டுமாயின், வீணாவது எதுவும் இல்லாவிடினும் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும். பிழிந்து போக்கும் நீர் மலிவானது. ஆவியாக்கிப் போக்கும் நீர் விலையுயர்ந்தது. பிழிவதில் நேரும் குறையை வெயிலோ, காற்றோ, மின்சாரமோ ஈடு செய்யவேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் முதல் இரண்டும் கிடைப்பதில்லை.

தராசு சொல்லும் சாட்சி

சங்கத்தின் சரக்கிருப்பைச் சோதிக்கச் செல்பவன் யார் சொல்வதையும் நம்பாமல் முதலில் தராசைத் தேடுவான். இங்கும் அதையே செய்தேன். காய்ந்த பருத்தித் துணியில் சரியாக 1 கிலோ எடுத்து நிறுத்து, நனைத்து, டிரையரில் 5 நிமிடம் சுழற்றி, மீண்டும் நிறுக்கச் சொன்னேன்.

நன்றாகப் பிழியும் எந்திரத்திலிருந்து வரும் 1 கிலோ பருத்தித் துணி ஏறக்குறைய ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் கிலோவுக்குள் நிற்கும். கையால் பிழிந்தால் 2 கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த வீட்டுத் துணி 2 கிலோ 150 கிராம் இருந்தது. அதாவது, மின்சாரம் செலவழித்தும் கையால் பிழிந்த பயன்தான். குறை மனப்பிரமையன்று என்பது உறுதியாயிற்று.

இச்சோதனையில் பருத்தியையே எடுக்க வேண்டும். செயற்கை இழைத் துணி நீரைக் குறைவாகவே உறிஞ்சுமாதலால் பழுதான எந்திரத்தையும் நல்லதாகக் காட்டிவிடும். முற்றிலும் காய்ந்தது என்று நாம் நினைக்கும் பருத்தியிலும் ஈரம் உண்டு என்பதை நெசவாளர்கள் அறிவார்கள். நூல் வணிகத்தில் 100 கிலோ உலர் பருத்திக்கு 8½ கிலோ ஈரம் இயல்பு என்று ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஆகவே கடைசித் துளி வரை போக்க முயல்வது வீண்.

வெளியே பார்த்து அறிய வேண்டியவை

தராசு குறையை உறுதி செய்தபின் காரணத்தைத் தேடத் தொடங்கினோம். செலவில்லாதவற்றை முதலிலும், செலவுள்ளவற்றைப் பின்னரும் பார்ப்பதே முறை. உறுப்பினர்களும் இவ்வரிசையிலேயே பார்த்துவருதல் நலம்.

முதலாவது, வடிகுழாய். பிழிந்த நீர் வெளியேற வழியில்லையேல் அது தொட்டியின் அடியில் தேங்கும்; கூடை அந்நீருக்குள்ளேயே சுழன்று வேகம் இழக்கும். குழாயின் முனை எந்திரத்தின் அடிமட்டத்தைவிட உயரமாகத் தூக்கி வைக்கப்பட்டிருக்கிறதா, எங்கேனும் மடிந்திருக்கிறதா, நூல்தும்பும் சோப்புப் பசையும் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பல எந்திரங்களில் இரு தொட்டிகளுக்கும் வடிகுழாய் ஒன்றே. ஆகவே துவைக்கும் தொட்டியின் நீரை வடித்துக்கொண்டே டிரையரை ஓட்டினால், அந்நீர் எதிர்த்துவந்து டிரையருக்குள் நிற்கும். ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று பழகிக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, துணியை இடும் முறை. ஒரு பக்கம் கனத்த போர்வையும் மறுபக்கம் கைக்குட்டையும் இட்டால் கூடை தள்ளாடும். ஆட்டம் மிகுந்தால் காப்புச் சுவிட்சு மோட்டாரை நிறுத்திவிடும். துணியைச் சுவரோரமாகச் சுற்றிலும் சமமாக அடுக்கி, மேலே வைக்கும் பிளாஸ்டிக் தட்டைத் தவறாமல் அழுத்தி வைக்க வேண்டும். அத்தட்டு தொலைந்துபோன வீடுகள் பல. தட்டில்லாத கூடையிலிருந்து சிறு துணிகள் எகிறி, கூடைக்கும் தொட்டிக்கும் இடையே விழுந்து சிக்கிக்கொள்கின்றன.

மூன்றாவது, நுரை. அளவுக்கு மீறிய சோப்புத்தூள் துணியைக் கூடுதலாக வெளுப்பதில்லை. அலசலில் போகாத நுரை, சுழலும்போது கூடையைச் சுற்றிலும் பஞ்சுமெத்தைபோல் நின்று வேகத்தைத் தடுக்கும். நுரை தள்ளினால் நிறுத்திவிட்டு, மறுபடி நல்ல நீரில் அலசிய பிறகே சுழற்ற வேண்டும்.

நான்காவது, எந்திரம் நிற்கும் தளம். நான்கு கால்களும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். சாய்ந்து நிற்கும் எந்திரத்தில் கூடையும் சாய்ந்து, தொட்டியின் சுவரில் உராயும்.

ஐந்தாவது, மின்னழுத்தம். மின்கம்பித் தொடரின் கடைசியிலுள்ள வீடுகளுக்கு மாலை வேளைகளில் அழுத்தம் குறைந்து வருவதுண்டு. இவ்வகை மோட்டாரின் திருப்புவலிமை அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. 230 வோல்ட்டுக்குப் பதிலாக 180 வோல்ட்டு வருமாயின் வலிமை ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கிவிடும். காலையில் நன்றாகப் பிழியும் எந்திரம் மாலையில் தளருமாயின் ஐயம் இதன்மீதுதான் விழ வேண்டும்.

அந்த இல்லத்தில் குறை இதுவாகத்தான் இருக்கும் என்று நான் உறுதியாகச் சொன்னேன். வீடு தெருவின் கோடியில் இருந்ததே காரணம். மின்பணியாளர் மீட்டரை வைத்துப் பார்த்தார். 224 வோல்ட்டு காட்டியது. அளந்து பாராமல் தீர்ப்புச் சொன்னதற்காக அவர் முன் நாணினேன். வடிகுழாயில் சிறிது தும்பு இருந்தது. அதை நீக்கியும் எடை 50 கிராமுக்கு மேல் குறையவில்லை. ஆகவே காரணம் உள்ளேதான் இருக்க வேண்டும்.

உள்ளே பார்க்க வேண்டியவை

இனிச் சொல்பவை மின்பணியாளர் கை வைக்க வேண்டியவை. நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. பின்பலகையைத் திறக்குமுன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கி வைத்துவிட வேண்டும்.

மூடியைத் திறந்தவுடன் கூடை நிற்பதற்காக ஒரு பிரேக் கட்டையும், அதை இழுக்கும் கம்பியும் உண்டு. மூடியை மூடும்போது கட்டை முற்றிலும் விலக வேண்டும். கம்பி தளர்ந்தோ, துருப்பிடித்தோ போனால் கட்டை பாதி விலகி, ஓடும்போதும் உராய்ந்துகொண்டிருக்கும். மிதிவண்டியில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மிதிப்பதற்கு ஒப்பானது இது. உராயும் ஓசையும் தீய்ந்த வாடையும் இதன் அடையாளங்கள். கம்பியைச் சரியான அளவுக்குத் திருத்துவது சில நிமிட வேலை.

மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுழலவில்லை, அல்லது மிக மெதுவாகக் கிளம்புகிறது என்றால் கண்டென்சர் வலுவிழந்திருக்கலாம். மின்விசிறியில் நாம் மாற்றுகிறோமே, அதே இனம், விலை சொற்பம். மோட்டார் போய்விட்டது என்று கைவிடப்படும் எந்திரங்களில் கண்டென்சர் மட்டுமே போனவை உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சரில் மின்னூட்டம் தங்கியிருக்கக் கூடுமாதலால் பழக்கமில்லாதவர் அதைத் தொடலாகாது.

கூடையின் அச்சு தொட்டியின் அடியைத் துளைத்துக் கீழே மோட்டாரோடு இணைகிறது. அவ்விடத்தில் நீர் கசியாதிருக்க ஒரு ரப்பர் உறை உண்டு. அது கிழிந்தால் நீர் மோட்டாரின்மீது சொட்டி அதைக் கெடுக்கும். எந்திரத்தின் அடியில், குழாயல்லாத இடத்தில் நீர் காணப்பட்டால் உடனே நிறுத்திவிடுதல் வேண்டும்.

அந்த இல்லத்தில் பிரேக்கும் கண்டென்சரும் சரியாகவே இருந்தன. மின்பணியாளர் இணைப்பின் திருகைக் கழற்றிக் கூடையை மேலே தூக்கினார். அச்சின் அடியில், ரப்பர் உறைக்கு மேல், பெண்கள் கொண்டையில் சுற்றும் பூச்சரம்போலப் பருத்தி நூல் சுருள் சுருளாக இறுகிக் கிடந்தது! சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாக, பல மாதத்து நூல். அதனோடு ஒரு குழந்தையின் காலுறையும் இருந்தது.

காரணம் அனைவருக்கும் விளங்கிற்று. வீட்டில் அலசிய நூல் சிட்டங்களை அந்த அம்மையார் அப்படியே டிரையரில் இட்டுப் பிழிந்துவந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஓரிரு இழைகள் கூடையின் துளை வழியே நழுவி, அச்சைச் சுற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. இழை ஒன்றாக இருக்கும்போது எந்திரம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆயிரமானபோது அதுவே விலங்காயிற்று. கூட்டுறவின் வலிமைக்கு நாம் எடுத்துக்காட்டும் உவமையே இங்கு எதிர்மாறாக வேலை செய்திருக்கிறது.

நூலை அறுத்து எடுத்து, கூடையை மீண்டும் பொருத்தி, அதே 1 கிலோ துணியை நனைத்துச் சுழற்றினோம். தராசு 1 கிலோ 620 கிராம் காட்டியது. மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. மின்பணியாளர் பெற்ற கூலி, புது எந்திரத்தின் விலையில் நூறில் மூன்று பங்கும் வராது.

நெசவாளர் குடும்பங்கள் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். சிட்டத்தை எந்திரத்தில் பிழிவது தவறன்று. ஆனால் நெருங்கிய நெசவுள்ள துணிப்பையில் இட்டு, வாயைக் கட்டி, கூடையின் சுற்றிலும் சமமாக வைத்தே சுழற்ற வேண்டும். சாயநூல் பிழிந்த கூடையைக் கழுவாமல் வெள்ளைச் சீருடையை இடுவதும் ஆகாது.

கை வைக்கலாகாத இடம்

டிரையரின் மூடியில் ஒரு சுவிட்சு உண்டு. மூடி திறந்திருந்தால் மோட்டார் ஓடாது. இச்சுவிட்சு பழுதானால் புதிது போடாமல் இரு கம்பிகளையும் நேரே முறுக்கி இணைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. “ஓடுகிறதே, போதாதா?” என்று வீட்டாரும் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். இது பெருந்தவறு. முழு வேகத்தில் சுழலும் கூடைக்குள் குழந்தை கையை விட்டால் சுழலும் துணி அக்கையைச் சுற்றிப் பிடித்துவிடும். பின்னர் நேர்வதை எழுத விரும்பவில்லை. சில ரூபாய் சுவிட்சுக்காக ஒரு கையை ஈடு வைக்கலாமா? கூடை முற்றிலும் நிற்கும்வரை கையை உள்ளே விடலாகாது என்பதைப் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

நீரும் மின்சாரமும் ஒருங்கே புழங்கும் இடமாதலால் எர்த் கம்பி உண்மையாகவே மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று முனைப் பிளக் இருப்பது மட்டும் சான்றாகாது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை வீட்டின் மின்பலகையில் பொருத்துவது உயிர்க்காப்பாகும். எந்திரத்தின் உடலைத் தொடும்போது சிறு அதிர்ச்சி தெரிந்தாலும் அன்றே நிறுத்திவிடுதல் வேண்டும்.

வெப்பக்காற்று உலர்த்திகள்

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் வாங்கித்தரும் வெப்பக்காற்று உலர்த்திகளும் இப்பொழுது ஆங்காங்கே சில இல்லங்களில் காணப்படுகின்றன. வெப்பக் காற்றால் துணி உலர்த்தும் எண்ணம் பழையது. 1892 ஆம் ஆண்டில் அமெரிக்கர் ஜார்ஜ் சாம்ப்சன் அடுப்பின் வெப்பத்தில் துணி உலர்த்தும் அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பனி மிகுந்த வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஜே. ராஸ் மூர் என்பார் சுழலும் உருளையோடு கூடிய உலர்த்தியை உருவாக்கினார். 1938 ஆம் ஆண்டளவில் அது விற்பனைக்கு வந்தது. வெயில் காணாத நாட்டில் பிறந்த பொருள் அது என்பதை மறத்தலாகாது.

அவ்வகை உலர்த்தி சரிவர உலர்த்தாவிடில் முதற்காரணம் பெரும்பாலும் பஞ்சுத்தும்பே. காற்றை வடிகட்டும் வலையில் தும்பு படிந்தால் காற்றோட்டம் குறையும். ஈரக்காற்று வெளியேறாமல் உள்ளேயே சுழலும். துணி சூடாகும், ஆனால் உலராது. ஒவ்வொரு முறையும் வலையைத் துடைக்க வேண்டும். ஈரக்காற்றை வெளியேற்றும் குழாய் மடியாமலும் அடைபடாமலும் இருக்க வேண்டும். ஆவியை நீராக்கித் தொட்டியில் சேர்க்கும் வகையாயின் அத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவங்கள் ஈரமறியும் உலோகத் தகடுகளில் படிந்தால், துணி உலருமுன்பே எந்திரம் வேலை முடிந்ததென நின்றுவிடும். ஈரத்துணியால் அத்தகடுகளைத் துடைத்தால் சரியாகும். சரிவரப் பிழியாத துணியை இதில் இடுவது, மேற்சொன்ன கணக்கின்படி, மின்சாரத்தை வீணாக்குவதேயாகும்.

தும்பைப் புறக்கணித்தல் உலராமையோடு நிற்பதில்லை. பஞ்சு எளிதில் தீப்பற்றும் என்பதைப் பருத்தி விளைவிப்போருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2016 ஆகஸ்டில் இலண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியிலுள்ள அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் பழுதான உலர்த்தியிலிருந்து தீ மூண்டு பல குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. 2019 இல் அந்நாட்டில் தும்பு தீப்பற்றும் அபாயத்தின் காரணமாக இலட்சக்கணக்கான உலர்த்திகள் திரும்பப் பெறப்பட்டன. ஓடும் உலர்த்தியை விட்டுவிட்டு வெளியே செல்வதும், இரவில் ஓடவிட்டு உறங்குவதும் கூடா.

காற்றின் ஈரமும் கொடியின் துணியும்

எந்திரம் செம்மையாகப் பிழிந்தும் துணி கொடியில் காயவில்லை என்று சொல்வோர் உளர். அது எந்திரத்தின் குற்றமன்று, காற்றின் நிலை. 30 பாகை வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். சித்திரை நண்பகலில் காற்று பாதிக்கு மேல் காலியாக இருக்கும். அடைமழை நாளில் நூற்றுக்குத் தொண்ணூறு நிரம்பிவிட்டால், மேலும் ஏற்கக்கூடியது கனமீட்டருக்கு 3 கிராம்தான். பத்தடிக்குப் பத்தடி அறையில் பத்தடி உயரம் எனில், அதிலுள்ள காற்று அனைத்தும் சேர்ந்து ஏற்கக்கூடிய நீர் ஏறக்குறைய 85 கிராம். ஒரு சட்டையின் ஈரத்துக்கே அது போதாது! அப்படியிருக்கக் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு கொடி கட்டினால் துணி எங்ஙனம் உலரும்?

ஆகவே மழைக்காலத்தில் காற்று மாறிக்கொண்டே இருக்கும் தாழ்வாரத்தில், துணிக்கும் துணிக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டு உலர்த்த வேண்டும். மின்விசிறி துணியைச் சூழ்ந்த ஈரக்காற்றை விலக்கிப் புதிய காற்றைக் கொணரும். எனினும் எதிரெதிர்ச் சன்னல்கள் திறந்திருந்தால்தான் அதனால் பயனுண்டு. தடித்த துணிகளை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி இடுவது நலம். சிட்டத்தை மூங்கிலில் விரித்து இடையிடையே திருப்பி விடவேண்டும் என்பது நம் நெசவாளர் பரம்பரையாக அறிந்ததே. களத்தில் மக்காச்சோளத்தையும் மிளகாயையும் துழாவி விடும் விவசாயி செய்வதும் இதுவே. அடியிலுள்ள ஈரத்துக்குப் புதிய காற்றைக் காட்டுகிறார்.

பேரையூர் வட்டம் கரிசலும் வானம் பார்த்த நிலமும் மிகுந்தது. மேற்கே சாப்டூர் மலையும் சதுரகிரியும் நிற்க, ஆண்டின் பெரும்பகுதி வெயிலுக்கு இங்கே குறைவில்லை. இவ்வட்டத்தைச் சேர்ந்த டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து, 1960 ஜனவரி 30 இல் மறைந்த பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா, எடுக்க எடுக்கக் குறையும் தேக்கப் பொருள்களையும், ஆற்றோட்டம்போல் என்றும் புதுப்பித்துக்கொள்ளும் பொருள்களையும் வேறுபடுத்திக் காட்டினார். வெயிலும் காற்றும் இரண்டாம் வகை. பங்குனிக்கும் புரட்டாசிக்கும் இடையே நம் ஊரில் வெப்பக்காற்று உலர்த்தியை ஓட்டுவது, வாசலில் ஓடும் ஆற்றை விட்டுத் தண்ணீரை விலைக்கு வாங்குவதற்கு ஒப்பாகும். எந்திரம் பிழியட்டும், உலர்த்தும் வேலையைக் கதிரவனிடம் விட்டுவிடுவோம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேறு வழி தேடலாம்.

சங்கம் செய்யக்கூடியது

விதையையும் உரத்தையும் சேர்ந்து வாங்கும் நாம் பழுது பார்ப்பதை மட்டும் ஏன் தனித்தனியாகச் செய்ய வேண்டும்? ஒவ்வொரு சங்கமும் மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, நம்பிக்கையான மின்பணியாளர் ஒருவரை அழைத்து, முன்னரே பேசிய கூலியில் உறுப்பினர் இல்லங்களின் எந்திரங்களைப் பார்க்கச் செய்யலாம். நிறுக்கும் தராசு சங்கத்தில் ஏற்கனவே உண்டு. மின்னழுத்தம் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் போதும். வீட்டுப் பொருள் பழுதாயிற்று என்று கடன் கேட்டு வரும் உறுப்பினரிடம், “பழுது பார்த்தீர்களா? யார் பார்த்தார்? அளந்து பார்த்தாரா?” என்று செயலாளர் மூன்று வினாக்கள் கேட்பாராயின், அது கடனை மறுப்பதாகாது; உறுப்பினரின் நலத்தைக் காப்பதேயாகும். கடன் கொடுப்பது சங்கத்தின் கடமை. தேவையற்ற கடனிலிருந்து காப்பது அதனினும் பெரிய கடமை.

மறுநாள் அந்த அம்மையார் சங்கத்துக்கு வந்து மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சங்கிலி கழுத்திலேயே இருந்தது. “சார், துணி இன்னும் ஒரு பகல் கிடந்தால்தான் காய்கிறது” என்றார். மழை விடாத நாட்கள் அவை. அதற்கு எந்திரமும் நானும் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. “ஆனால் சொட்டுவதில்லை, இரவு விசிறியின் கீழே போட்டால் பிள்ளைகள் காலையில் உடுத்திக்கொள்கிறார்கள்” என்று சேர்த்துச் சொன்னார். சிட்டத்துக்கென்று பழைய வேட்டியில் பை ஒன்றும் தைத்து வைத்திருப்பதாகக் கூறினார்.

அன்று மாலை ஆய்வுக் குறிப்பை எழுதும்போது, வழங்கப்படாத அக்கடனுக்கு எந்தப் பத்தியிலும் இடம் இல்லை என்பதைக் கண்டேன். ஆகவே அதனை இங்கே எழுதி வைத்தேன். உறுப்பினர்கள் தத்தம் இல்லத்து டிரையரை ஒருமுறை தராசில் சோதித்துப் பார்ப்பார்களாக.